மை பூசிய மூன்று பெயர்கள்

கல்லூரி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த ஊஜின் நான்காவது சுற்றில் குப்புற விழுந்தான். கால் இடறவில்லை. மூச்சு வாங்கவும் இல்லை. "விளக்கை அணைச்ச மாதிரி விழுந்தாம்மா, கையைக்கூட ஊனல" என்று பிறகு அவன் அம்மாவிடம் சொன்னான் பின்னால் ஓடிவந்த நண்பன். ஒரு நிமிடத்துக்குள் ஊஜின் தானாகவே எழுந்து உட்கார்ந்து, உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "இது எத்தனாவது சுத்து?" என்று கேட்டானாம்.

அவன் அம்மா மல்சூன் டேகு நகரத்துச் சந்தையில் துணி திருத்தித் தைக்கும் கடை வைத்திருந்தாள். செய்தி வந்தபோது யாருடைய பேண்ட்டோ அவள் மிஷினில் பாதி ஓரம் அடித்தபடி கிடந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு, ஊசி குத்தாமல் விரலில் மாட்டிய உறையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் யாங் முப்பத்தைந்து வயதுக்காரி. முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாதவள். ஈசிஜி காகிதத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

"விழுந்ததைவிட இந்தப் படம்தான் எனக்குப் பிடிக்கல. ஆனா நிச்சயமாவும் சொல்ல முடியல. இப்படிப் படம் இருக்கிற பாதிப் பேர் தொண்ணூறு வயசு வரைக்கும் இருப்பாங்க. மீதிப் பேர் இருக்க மாட்டாங்க. பையனோட அப்பா எங்க?"

"ரெண்டு வருஷமாச்சு. நாப்பத்தாறு வயசு. படுத்தாரு, காலைல எழுந்திரிக்கல. அப்பதான் ஃபேக்டரிய மூடியிருந்தாங்க. அந்தக் கவலைதான்னு எல்லாரும் சொன்னாங்க."

டாக்டர் அப்போதுதான் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அவரோட அப்பா?"

"கொரியச் சண்டைக்குப் போய்த் திரும்பல. இருபத்தோரு வயசு."

"அதுக்கு மேல?"

மல்சூனுக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டின் முன்னோர் சடங்குகளுக்கு மீன் பொரித்து, பழம் அடுக்கி, சோறு வைத்தவள் அவள். யாருக்கு வைக்கிறோம் என்று தெரியும். அவர்கள் எந்த வயதில் போனார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"பரம்பரையா ஆம்பளைங்க சின்ன வயசுல செத்திருந்தா, நெஞ்சுல ஒரு கருவி வெச்சே ஆகணும். துடிப்பு நின்னா அது அதிர்ச்சி கொடுத்து ஓட வைக்கும். அப்படி இல்லன்னா, இருபது வயசுப் பையனுக்குள்ள ஒரு இரும்பை வெச்சு ஆயுசு பூரா சுமக்க வைக்கறதுக்கு எனக்கு மனசு வரல. வெள்ளிக்கிழமை முடிவெடுக்கணும். பேரு, வயசு, எப்படிப் போனாங்க, இதெல்லாம் எழுத்துல இருக்கிறதாக் கொண்டு வாங்க. வாய்க் கதை வேண்டாம்."

அன்று செவ்வாய்.

ஊஜின் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். "அம்மா, இனி கட்டாய ராணுவத்துல எடுக்க மாட்டாங்கல்ல? அதுக்காகவாவது இன்னொரு தடவை விழலாம்" என்று சிரித்தான். மல்சூன் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்கப் பயந்து, அங்கேயே வைத்துக்கொண்டு அவன் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கணவனின் சொந்த ஊரான சாங்ஜூவுக்குப் போனாள். கணவனின் பெரியப்பா தொக்-சூ அங்கேதான் இருந்தார். எழுபத்தைந்து வயது, மனைவி இல்லை. ஒரே மகன் கிசொக், நாற்பது வயதில் இப்போதுதான் பெண் அமைந்து, அடுத்த மாதம் கல்யாணம். சீமைப்பனிச்சைப் பழத்தை உரித்துக் காயவைக்கும் காலம். முற்றத்தில் நாலைந்து கூலிப் பெண்கள் பழத்தைத் தோல் சீவிக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார்கள். மல்சூனும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சும்மா போய்க் கேட்டால் அந்த வீட்டில் எதுவும் கிடைக்காது.

அவள் சொல்லி முடிக்கும்வரை பெரியவர் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய், அச்சடித்த குல வரலாற்றுப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். பச்சை அட்டை, செங்கல் கனம்.

"பாத்துக்கோ. நம்ம ஆளுங்க அத்தனை பேரும் இருக்காங்க. பதவியில இருந்தவங்களும் இருக்காங்க. இதுல எங்க நோய் இருக்கு?"

"இதுல பேரு மட்டும்தான் மாமா இருக்கு. நம்ம வீட்டுக் கையெழுத்து ஏடு ஒண்ணு இருக்குமே, தாத்தா எழுதினது?"

"சண்டையில எரிஞ்சு போச்சு."

"மாமா..."

"ஊஜின் அம்மா, நல்லாக் கேட்டுக்க. அடுத்த மாசம் இந்த வீட்டுல கல்யாணம். 'எங்க ரத்தம் கெட்ட ரத்தம்'னு ஊர் முழுக்கத் தமுக்கடிக்கத்தான் பஸ் ஏறி வந்தியா? பையன் ஒழுங்காச் சாப்பிடாம ஓடியிருப்பான். ஒரு கோழி அடிச்சுக் குடு, சரியாயிடும்."

கூலிப் பெண்கள் கத்தியை நிறுத்தாமல் காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்தார்கள்.

ஏடு எரியவில்லை என்பது மல்சூனுக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் மழைக்காலம் முடிந்ததும், பெரிய அறைச் சுவரலமாரியிலிருந்து ஏடு சுற்றிய அந்த மெல்லிய நீலத்துணிக் கட்டை எடுத்து வெயிலில் காயவைத்து, பூச்சி தட்டி, திரும்ப வைப்பவள் அவள்தான். மருமகள்கள் தூசி தட்டும் பொருள் எதையும் அந்த வீட்டு ஆண்கள் கவனித்ததில்லை.

பிற்பகலில் பெரியவரும் கிசொக்கும் பழக்கயிறுகளைக் கொட்டகையில் தொங்கவிடப் போனார்கள். மல்சூன் கைகழுவப் போகிறவள்போல உள்ளே நுழைந்தாள். அலமாரிக் கதவு கிறீச்சிட்டபோது வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஏட்டை எடுத்து, மேல்சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து, அதன்மேல் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டாள். முற்றத்தில் கிசொக் எதிரே வந்தான்.

"என்ன அண்ணி, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க? ஊஜினுக்குப் பழம் எடுத்துட்டுப் போங்க."

"பஸ் போயிடும்" என்றாள். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பஸ்ஸில் வயிற்றின் மேல் ஏடு விறைப்பாகக் கிடந்தது. பாதி வழியில் கைபேசி அடித்தது, சாங்ஜூ எண். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. பக்கத்தில் இருந்த பெண், "எடுங்களேன், யாருக்கு என்னவோ" என்றாள். மல்சூன் கைபேசியையே அணைத்துவிட்டாள். அணைத்த பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தால் என்ன செய்வது என்று தோன்றியது. உடனே திரும்பப் போட்டாள். ஊர் போய்ச் சேரும்வரை அது பதினொரு தடவை அடித்தது.

அவள் கடையை ஒட்டிய கடை ஓக் என்பவருடையது. முத்திரை வெட்டுபவர். வங்கிக் கணக்குக்கும் நிலப் பத்திரத்துக்கும் பெயர் முத்திரை வேண்டுபவர்கள் அவரிடம் வருவார்கள். பழைய சீன எழுத்து அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வியாழக்கிழமை காலை கடை திறந்ததும் மல்சூன் ஏட்டை அவர் மேசையில் வைத்தாள்.

"அண்ணே, இதை வாசிச்சுக் குடுங்க. யாரு எந்த வயசுல செத்தாங்கன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"நான் முத்திரை வெட்றவன், ஊஜின் அம்மா. ஜோசியம் பாக்கறது நாலாவது கடை" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு, கடைக்கதவைப் பாதி சாத்தினார்.

முதல் பக்கங்கள் சுலபமாகப் போயின. ஒவ்வொரு பெயருக்கும் கீழே பிறந்த வருடம், இறந்த வருடம், கல்லறை எந்தத் திசை பார்க்கிறது என்ற குறிப்பு. வருடங்களுக்கு எண் கிடையாது, பன்றி, குரங்கு என்று சுற்றி வரும் பெயர்கள்தான்; அந்த அறுபது வருடச் சுற்றை ஓக் விரல் கணுக்களில் கட்டைவிரலை நகர்த்தி எண்ணினார். அறுபத்திரண்டு. ஐம்பத்தெட்டு. எழுபது. நாற்பத்து மூன்று. ஐம்பத்தொன்று. ஒவ்வொரு எண்ணையும் மல்சூன் வாய்க்குள் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

"இது அப்படி ஒண்ணும் மோசமில்லையே" என்றார் ஓக். "அந்தக் காலத்துல அம்பது வயசே பெரிய வயசு."

அவளும் மூச்சை விட்டாள். அப்போதுதான் பக்கத்தைத் திருப்பியவர் நின்றார். வரிசையின் நடுவில், ஒரு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை. அடுத்த தலைமுறைப் பக்கத்தில் இன்னும் இரண்டு.

"இதென்னண்ணே?"

"யாரோ மை பூசி அழிச்சிருக்காங்க." ஓக் ஏட்டைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "எழுதினது கல்லுல உரைச்ச மை. மங்கலா, அமைதியா இருக்கும். பூசினது புட்டி மை. பாரு, நீலமா மினுங்குது. எழுதினவரு பூசல. ரொம்பக் காலம் கழிச்சு வேற கை."

"வாசிக்க முடியாதா?"

 பழைய ஏடுகளில் தாள் ஒவ்வொன்றும் இரண்டாக மடித்துத் தைத்திருக்கும். எழுத்து வெளிப்பக்கம் மட்டும், உள்பக்கம் வெற்று. ஓக் மடிப்புக்குள் இரண்டு விரலை நுழைத்து, சவ்வைப் பிரிப்பதுபோல மெல்லப் பிரித்து, உள்ளே எட்டிப் பார்த்தார். புட்டி மை மேலோடு நின்றுவிட்டது. பழைய மை தாளின் நாரில் ஊறி மறுபக்கம் வந்திருந்தது. ஆனால் எல்லாம் இடவலம் மாறி, ஒரே குழப்பமாகத் தெரிந்தது மல்சூனுக்கு.

"கண்ணாடி கொண்டு வரட்டுமா?"

"எதுக்கு? முப்பது வருஷமா நான் எழுத்தைத் திருப்பித்தானே வெட்டிட்டு இருக்கேன்." அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "முதல்ல இருக்கிறவரு... பியொங்-ஊ. பன்னி வருஷம் பிறந்து, குரங்கு வருஷம் போயிருக்காரு. இருபத்திரண்டு."

மல்சூன் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். 

"அடுத்த பக்கம். இந்த முதல் எழுத்து 'தொக்'. உன் பெரிய மாமாவோட தலைமுறைக்கே பொது எழுத்து. அதுக்கு அடியில 'இதயம்'கிற எழுத்து ஒரு பகுதியா வரும், நாலு கீத்து போடணும். எழுதின கிழவர் ஒரே இழுப்புல விட்டுட்டாரு. ரெண்டாவது எழுத்து ஹான். தொக்-ஹான். குரங்கு வருஷம் பிறப்பு, முயல் வருஷம் இறப்பு." விரல் கணுக்களில் கட்டைவிரல் நகர்ந்தது. "இருபது."

"ஊஜின் வயசு."

ஓக் காதில் விழாததுபோல அடுத்ததற்குப் போனார். "மூணாவது தொக்-பொக். இல்ல, பொம்மா? ஒரு புள்ளி புழு தின்னிருக்கு. டிராகன் வருஷம், ஆட்டு வருஷம். பதினாறு."

"எப்படிப் போனாங்கன்னு இருக்கா அண்ணே?"

"பொடி எழுத்துல ஏதோ இருக்கு. இரு." வெகுநேரம் குனிந்திருந்தார். "பியொங்-ஊவுக்கு 'நோயில்லை'ன்னு இருக்கு. அவ்வளவுதான். பதினாறு வயசுக்காரனுக்கு 'ஓடினான், விழுந்தான்'. தொக்-ஹானுக்கு..." நிமிர்ந்து அவளைப் பார்க்காமல் சொன்னார்: "'தூங்கினான், எழவில்லை'."

மல்சூன் எழுதுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு காலை அந்தக் கடைக்குள் வந்து நின்றது. சூப்பைச் சூடுபண்ணிவிட்டு, "இன்னும் என்ன தூக்கம்?" என்று போர்வையை இழுத்த காலை.  ஓக் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த டம்ளரைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தாள்.

பாதி சாத்திய கதவு தடாலென்று திறந்தது. பெரியவர் நின்றார். நல்ல கோட்டு, மேலே பொத்தான் மாறிப் போட்டிருந்தார். விடிகாலை பஸ்ஸில் வந்து, சந்தை முழுக்கக் கடை கடையாக விசாரித்திருக்கிறார்.

"திருடி! வீட்டு மருமகளே வீட்டுல திருடுறா!"

"ஆமா மாமா, திருடினேன்."

"நீ யாருடா எங்க ஏட்டைத் தொட?" என்று ஓக்கின் மேல் பாய்ந்தார்.

"நான் தொட்டது தாளைத்தான் பெரியவரே. அதுல மை பூசினது நான் இல்ல" என்றார் ஓக்.

பெரியவர் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "கல்யாணம் ஆகாமச் செத்தவங்க பேரு ஏட்டுல இருக்கக் கூடாது. அதுதான் வழக்கம். அதான் அழிச்சேன்" என்றார்.

"வழக்கம் பழசு. மை புதுசா இருக்கே. பள்ளிக்கூடத்துப் புட்டி மை."

"எப்பப் பூசினீங்க மாமா?" என்று கேட்டாள் மல்சூன்.

அவர் அடுப்பைப் பார்த்தார். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கெட்டில் சீறிக்கொண்டிருந்தது.

"எப்ப மாமா?"

"உங்க அப்பா பொண்ணு குடுக்க முன்னாடி எங்க ஏட்டைப் பாக்கணும்னு வந்தாரே, அதுக்கு முந்தின நாள்."

மல்சூனின் அப்பா பள்ளி ஆசிரியர், சீன எழுத்து நன்றாகத் தெரிந்தவர். அன்று வீட்டுக்குத் திரும்பி வந்து, "சுத்தமான குடும்பம், கையெழுத்துகூட அழகு" என்று சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. 

"சொல்லியிருக்கலாமில்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா உன்னைக் குடுத்திருப்பாரா? அப்பன் இல்லாத பையன். அவனுக்குன்னு ஒரு அடுப்பு, ஒரு சோறு இருக்கட்டும்னு நெனச்சேன். அது தப்பா?"

 அப்பா மறுத்திருப்பார். மறுத்திருந்தால் ஊஜின் இல்லை. இந்தக் கிழவனைத் திட்ட வேண்டுமானால், மகன் பிறந்ததையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும்.

அவள் அப்படி யோசித்த கணத்தில் பெரியவர் ஏட்டை எடுத்துவிட்டார். எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போகவில்லை, அடுப்புப் பக்கம் திரும்பினார். மல்சூன் பாய்ந்து மறுமுனையைப் பிடித்தாள். அவர் இழுத்தார். தையல் நூல் நொறுங்கும் சத்தம் கேட்டது. அவள் ஒரு கையால் ஏட்டையும் மறு கையால் அவர் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மணிக்கட்டு குச்சிபோல இருந்தது. 

"மாமா, கிசொக்குக்கு நாப்பது வயசு. என் வீட்டுக்காரருக்கு நாப்பத்தாறு."

"வாய மூடு."

"அவனுக்கு ஒண்ணுமே வந்ததில்லையா? சொல்லுங்க. ஒரு தடவைகூட?"

அவர் இழுப்பது நின்றது. முகம் கோணியது. "போன வருஷம்" என்றார். "ஏணியில நின்னு பழம் பறிச்சிட்டிருந்தான். பேசிட்டே இருந்தவன் சட்டுனு சரிஞ்சான். நான் கீழ நின்னேன், என் மேலேயே விழுந்தான். கண்ணு திறந்திருக்கு, ஆளு இல்ல. நான் அறைஞ்சேன். அறைஞ்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம், 'ஏம்ப்பா அடிக்கிறீங்க'ன்னு எழுந்தான். யார்கிட்டயும் சொல்லல. அன்னிலேருந்து அவன் மத்தியானம் கண்ணயர்ந்தாக்கூட நான் பக்கத்துல போய் மூக்குல கை வெச்சுப் பாக்கறேன்."

ஏட்டை விட்டுவிட்டு, ஓக்கின் முக்காலியில் உட்கார்ந்தார். 

ஓக் தொண்டையைச் செருமினார். "பெரியவரே, ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. மூணாவது பேரு பொக்கா, பொம்மா?"

"பொம்" என்றார் கிழவர். "பொம்னுதான் கூப்பிடுவோம். என்னைவிட மூணு வயசு சின்னவன். மரத்துல ஏறினா சாப்பாட்டுக்குக்கூட இறங்க மாட்டான்." மூக்கைக் கைக்குட்டையில் சிந்தினார். "பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயம். நான் எல்லைக்கோட்டுல நின்னு அவனுக்காகக் கத்திட்டு இருந்தேன்."

மல்சூன் பில் புத்தகத்தில் 'பொக்' என்பதை அடித்துவிட்டு 'பொம்' என்று எழுதினாள். "கிசொக்குக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"கல்யாணம் முடியட்டும். ஒரே மாசம்."

"அந்தப் பொண்ணுக்கும் என்னை மாதிரியே செய்யணுமா மாமா?"

அவர் அவளை முறைத்தார். பிறகு அவள் கைபேசியில் கிசொக்கின் எண்ணைப் போடச் சொல்லி வாங்கினார். மறுமுனையில் கிசொக் எடுத்ததும், "நாளைக்கு டேகுவுக்கு வா" என்றார். "காரணம் எல்லாம் கேக்காத. ஏணியில ஏறாத. பஸ்ல வா."

வெள்ளிக்கிழமை டாக்டர் யாங் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த பில் புத்தகத் தாளை இரண்டு தடவை படித்தாள். முதல் தடவையாக மல்சூனின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "இது போதும். திங்கக்கிழமை வெச்சுடலாம்." ஊஜினுக்கு இடது தோளெலும்புக்குக் கீழே கருவி வைத்தார்கள். அறுவை நடந்த இரண்டு மணி நேரமும் மல்சூன் நடையில் இருந்த தொட்டிச்செடியின் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தாதி வந்து, "அது பிளாஸ்டிக்மா" என்றாள். டேகுவுக்கு வந்த கிசொக்கின் ஈசிஜி படம் ஊஜினுடையதைவிடத் தெளிவாக, மோசமாக இருந்தது. அவனுக்கும் வைத்தார்கள்.

கிசொக் அந்தப் பெண்ணிடம் தானே போய்ச் சொன்னான். அவள் அழுதாள். அவள் அப்பா கல்யாணத்தை நிறுத்தினார். பெரியவர் அதற்கப்புறம் மல்சூனோடு பேசவில்லை. புத்தாண்டுச் சடங்குக்கு அவள் போனபோது வணக்கத்தை வாங்கிக்கொண்டார், வாயைத் திறக்கவில்லை. அவர் நியாயம் அவருக்கு. அவள் அதற்காக வருந்தவில்லை.

பயம் மட்டும் போகவில்லை. கருவி வைத்தால் போய்விடும் என்று நினைத்திருந்தாள். ஜூன் மாதம் ஒரு பிற்பகல் கைபேசி அடித்தது. கிசொக்.

"அண்ணி, பயப்படாதீங்க. இப்பதான் எனக்கு ஒரு உதை விழுந்துச்சு."

"என்ன உதை?"

"நெஞ்சுக்குள்ள இருக்கிறது உதைச்சுது. தோட்டத்துல மருந்தடிச்சிட்டு இருந்தேன். கண்ணு இருட்டுச்சு, அப்புறம் குதிரை உதைச்ச மாதிரி ஒண்ணு, எழுந்து உக்காந்துட்டேன். டாக்டர்கிட்ட பேசிட்டேன், நாளைக்கு வரச் சொன்னாங்க. அப்பாவுக்கு இன்னும் சொல்லல. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு."

"இப்ப எப்படி இருக்க?"

"பசிக்குது" என்றான் கிசொக். சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்து, அழுதான்.

பேசி முடித்ததும் மல்சூன் துணித் துண்டுகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்து ஊஜினை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். சட்டை வாங்க வந்தவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஓக் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன ஊஜின் அம்மா?" என்றார். அவள் மறுபடி எண்ணை அழுத்தினாள். நாற்பது நிமிடம். அதில் எத்தனை தடவை அழைத்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

பிறகு கைபேசி அவள் கையிலேயே அதிர்ந்தது.

"என்னம்மா இது, பத்தொன்பது தடவை! பரீட்சையில இருந்தேன்."

மல்சூன் தரையிலிருந்து எழுந்தாள். "மத்தியானம் என்ன தின்ன?" என்றாள்.

"ராம்யொன் நூடுல்ஸ்."

"மறுபடியுமா? சோறு கட்டிக் குடுத்தேனே, அதை நாய்க்கா போட்ட?" என்று அவள் கத்தத் தொடங்கினாள். சந்தையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, மூச்சு முட்டும்வரை, அவனைத் திட்டித் தீர்த்தாள். மறுமுனையில் ஊஜின், "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.